இசபெல்லா கழுவிய சீசா

மருந்துச் சீசாவுக்குள் கிடந்த ஒன்றுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

திரேஸ்புரத்தில் அது நடந்தது. இரண்டாவது உலகச் சண்டை முடிந்த அடுத்த வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். கொடுத்தவள் இசபெல்லா. சீசா அவள் தம்பி பெண்டாட்டி அல்போன்சாவுடையது.

அல்போன்சாவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. கருவாடு போடுவது அவள் வேலை. கரையில் ஏலம் எடுத்த பாரையையும் சீலாவையும் வயிறு கிழித்து, குடல் வாரி, உப்பு அடைத்துத் தொட்டியில் அடுக்க வேண்டும். ஊறியதை எடுத்துக் கழுவிப் பாயில் விரிக்க வேண்டும். மழைக்காலத்தில் இது பெரிய போராட்டம். மேகம் கறுத்தால் அள்ளி உள்ளே கொண்டுவர வேண்டும். வெயில் கண்ணைக் காட்டினால் மறுபடி விரிக்க வேண்டும். ஒரு நாள் அசந்தால் புழு வைத்துவிடும்.

அவள் புருஷன் இனிகோ தோணி நடத்துகிற தண்டல். சித்திரையில் உப்பு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர். போன இடத்தில் பாய்மரம் முறிந்து, அடிப்பலகையும் பெயர்ந்து, தோணி கரையேறிக் கிடந்தது. பழுது பார்த்து முடியாமல் தோணியை விட்டுவிட்டு வரவும் அவருக்கு மனசில்லை. வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். இரண்டு பிள்ளை பெற்று, இரண்டையும் பிறந்த வாரத்திலேயே பறிகொடுத்தவள் அல்போன்சா. இனிகோவின் அக்கா இசபெல்லா விதவை; அந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி.

அல்போன்சாவுக்கு ஆடியில் ஆரம்பித்தது. விலக்கு வந்தது, நிற்கவில்லை. நின்றது போலக் காட்டும், திரும்ப வரும். பெரும்பாடு என்பார்கள். இசபெல்லா அத்திப்பட்டைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். வாழைப்பூவை இடித்துச் சாறு கொடுத்தாள். உளுந்தங்களி கிண்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. புரட்டாசியில் ஒருநாள் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தொட்டியடியில் சாய்ந்துவிட்டாள். தரையில் கிடந்த ரத்தம் மீனுடையதா அவளுடையதா என்று கூட இருந்த பெண்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்தது நல்லதாய் என்ற டாக்டரம்மா. குட்டையான பெண்பிள்ளை, பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"கர்ப்பப்பையோட உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கு. மாசாமாசம் வளந்து, உதிந்து, விலக்கா வெளிய வரணும். ஒனக்கு அதுல ஏதோ கோளாறு. கொஞ்சம் சொரண்டி எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்புவோம்."

"சொரண்டுனா நின்னுருமாம்மா?"

"நின்னாலும் நிக்கும். நான் சொரண்டுதது என்னன்னு பாக்கதுக்கு."

"பாத்தா என்ன தெரியும்?"

"சவ்வு சும்மா தடிச்சிருக்கலாம். ஒன் வயசுல சில பேருக்கு வாரதுதான், மருந்துல அடங்கும். க்ஷயம் பையில எறங்கியிருக்கலாம். புத்துநோயா இருக்கலாம். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. வெறுங்கண்ணால பாத்தா எல்லாம் சதைத் துணுக்குதான். மெழுகுல பதிச்சு, வெங்காயத் தோல விட மெல்லிசாச் சீவி, சாயம் ஏத்திப் பூதக்கண்ணாடியில பாத்தாத்தான் எதுன்னு பிரியும்."

"புத்துனா செத்துருவனா?"

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாக்காம விட்டா செத்துருவ. சீக்கிரம் பாத்தா வழி இருக்கு."

"அப்பம் பாத்துருங்க" என்றாள் அல்போன்சா.

மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டினார்கள். எடுத்ததை ஒரு சின்னச் சீசாவில், கண்ணை எரிக்கிற மருந்துத் தண்ணீரில் போட்டு, மூடியைத் திருகி இசபெல்லா கையில் கொடுத்தார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளி வீட்டார்தான் யார் மூலமாவது அனுப்ப வேண்டும். கருவாட்டு வியாபாரி மந்திரமூர்த்தி அண்ணாச்சி மறுநாள் பட்டணம் போவதாக இருந்தார், கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்தார்.

"தொறக்காதீங்க. மருந்து பொல்லாதது" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து அல்போன்சா படுத்துவிட்டாள். மயக்கம் இன்னும் முழுக்கத் தெளியவில்லை. மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. இசபெல்லா குசினியில் கஞ்சிக்கு உலை வைத்தாள். சீசா உப்புச் சாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அதை எடுத்துப் பார்த்தாள். சிவப்பும் வெளுப்புமாக நாலைந்து துணுக்குகள். குலுக்கினால் எழும்பி, மெல்ல இறங்கின.

அந்தக் கரையில் மருத்துவச்சி வேலைக்கு இறங்குகிறவளுக்குச் சாமியார் முதலில் ஒன்று சொல்லிக் கொடுப்பார். கரு கலைந்து விழுந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டாலும், அவள் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் தனி வாசகம் உண்டு. இசபெல்லா எத்தனையோ வீடுகளில், எத்தனையோ சட்டிகளுக்கு மேல் அதைச் சொல்லியிருக்கிறாள். அல்போன்சாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் சாமியார் வரும் முன்னால் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

நல்ல தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும். மருந்தில் கொடுத்தால் செல்லாது. மூடியைத் திருகினாள். மருந்தை முற்றத்து மழைத்தண்ணீரில் கொட்டினாள். துணுக்குகளை ஒரு பீங்கான் கோப்பையில் தட்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"நீ தகுந்ததாயிருந்தால், பிதாவினுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்."

பிறகு அதை ஒரு வெள்ளைத்துணியில் முடிந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். காவல்காரன் ஏசுவடியான் சின்னதாக ஒரு குழி வெட்டிக் கொடுத்தான்.

மறுநாள் மந்திரமூர்த்தி அண்ணாச்சி குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"என்ன தாயி, சீசாவக் குடுங்க. ரயிலுக்கு நேரமாவுது."

அல்போன்சா சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனாள். சீசா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"மைனி, இதுல கெடந்தது எங்க?"

"அதுக்கு நல்ல கதி கெடச்சிட்டுளா. கவலப்படாத."

"எங்கன்னு கேட்டேன்."

இசபெல்லா சொன்னாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தான் நல்லது செய்திருக்கிறோம் என்ற முகத்தோடு சொன்னாள்.

அல்போன்சா கையில் சீசாவை வைத்துக்கொண்டே வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "மைனி, அது புள்ள இல்ல."

"ஒனக்கு எப்பிடிளா தெரியும்? நாப்பதுல கரு நிக்காதா? நம்ம தெக்குத்தெரு சலேத்தம்மாளுக்கு நிக்கலையா?"

"அவுக சித்திரையில போனாக மைனி."

இசபெல்லா விரலை மடக்கி மாசத்தை எண்ணினாள். பாதியில் நிறுத்தினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட அவள் இறக்கவில்லை.

"நான் மாசத்த நெனைக்கல அல்போன்சா" என்றாள் கடைசியில். "கையில வந்தா கழுவணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வாசலில் நின்ற அண்ணாச்சி எதையும் கேட்காதது போலக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் நினைக்காததை ஊர் நினைத்தது. ஏசுவடியான் கள்ளுக்கடையில் சொன்னான். கள்ளுக்கடையிலிருந்து ஏலக் கரைக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரி பதுருன்னிஸா காயல்பட்டணத்திலிருந்து வாழ வந்தவள். அல்போன்சாவை விடப் பெரியவள். அல்போன்சா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள். மழை விட்ட ஒருநாள், ஒரு தூக்கில் ஆட்டு மண்ணீரல் போட்ட சுவரொட்டிக் குழம்பு கொண்டு வந்தாள்.

"தின்னு. ஆட்டோட சொவரொட்டி. ரெத்தம் ஊறும்."

"வாசல்ல எவளோ பேசிக்கிட்டுப் போனாளே, என்ன லாத்தா?"

"தின்னுட்டுக் கேளு."

"இப்பமே சொல்லுங்க."

"ஒனக்குக் கலைஞ்சு போச்சாம். தண்டலு கொழும்புல இருக்காரு, புள்ள கடல் வழியா நீந்தியா வந்துச்சுன்னு கேக்காளுவ."

அல்போன்சா ஒரு துண்டை எடுத்து மென்றாள். "உப்பு கூடிட்டு லாத்தா."

"அடியே, நான் என்ன சொல்லுதேன், நீ உப்பச் சொல்லுத!"

"அவளுவளுக்கு நான் என்ன சொல்ல? நேத்து ராவுலேருந்து திரும்ப ரெத்தம் படுது லாத்தா."

பதுருன்னிஸாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அல்லாவே. நெசமாவா?"

"நெசம்தான். திரும்பச் சொரண்டச் சொல்லணும்."

அல்போன்சா டாக்டரம்மாவிடம் போய் அதைத்தான் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். இசபெல்லாவைக் கூட்டி வரச் சொல்லிக் கத்தினார். பிறகு அல்போன்சாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இப்ப மயக்கம் குடுத்தா தாங்க மாட்ட. ஈரல் தின்னு, முருங்கைக்கீரை தின்னு, இந்த இரும்பு மருந்தக் குடி. ஒடம்பு தேறட்டும். எடுத்தது புள்ள இல்லன்னு நான் வேணும்னா ஊருக்கு வந்து சொல்லுதேன்."

"அது வேண்டாம்மா. நீங்க சொன்னா, டாக்டரம்மாவுக்கு எவ்வளவு குடுத்தான்னு கேப்பாளுவ. எனக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வாரேன்."

வேலையை அவள் விடவில்லை. நிற்க முடியாததால் பலகையில் உட்கார்ந்துகொண்டு மீன் அறுத்தாள். இசபெல்லா உப்பு அடைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் வேலைப் பேச்சு மட்டும்தான். உப்பு போதுமா, மேகம் வருது, அந்தப் பாயை இழு. சோற்றை மட்டும் இசபெல்லா அவளுக்கு முதலில் போட்டாள். ரேஷன் அரிசிச் சோறு. கல்லைப் பொறுக்கி, குழையவிட்டு, மேலே கீரையைக் குவித்து வைப்பாள்.

கார்த்திகையில் இனிகோ வந்து சேர்ந்தார். தோணியைக் கரையில் கட்டிவிட்டு வருவதற்குள் ஏலக் கரையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்தவர் கால் கழுவவில்லை. வாங்கில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வாங்கி வந்த மாசிக் கருவாட்டுப் பொட்டலம் பக்கத்தில் கிடந்தது.

"தண்ணி தரட்டா?" என்றாள் அல்போன்சா.

"வேண்டாம்."

"கரையில சொன்னாகளா?"

"ஒருத்தன் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இசபெல்லா குசினி நிலையில் வந்து நின்றாள். "ஏலே இனிகோ, தப்பு என் மேல. நான்தான் புத்தி இல்லாம..."

"நீ சும்மா இரு, அக்கா. நீ கண்டது என்ன? அத மட்டும் சொல்லு. புள்ளன்னுதான கழுவுன?"

இசபெல்லா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மைனிய விரட்டாதீங்க" என்றாள் அல்போன்சா. "என்னையக் கேளுங்க."

"ஒன்னைய என்ன கேக்க?"

"கேக்கணும்னு வந்ததக் கேளுங்க. கடல்ல காத்து திரும்புனா உடனே பாயத் திருப்புவீங்களே. வீட்டுல மட்டும் ஏன் இந்த இழுவ?"

இனிகோ தொப்பியைக் கீழே வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ன எழவுன்னு எனக்குத் தெரியலளா. நான் ஒன்னையச் சந்தேகப்படல. ஆனா சந்தேகப்படலன்னும் என்னால சொல்ல முடியல. கரையில நாலு பேர் சிரிக்கான். எம் பாய்மரம் முறிஞ்சப்பங்கூட எனக்கு இப்பிடி இல்ல."

"சரி. இப்பம் நான் சொல்லுதேன். எனக்கு ஆடியிலேருந்து ரெத்தம் போவுது. புத்தா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுதாவ. வார வெள்ளிக்கெழம திரும்பச் சொரண்டப் போறேன்."

"புத்தா?" இனிகோ எழுந்துவிட்டார். "இத யாரும் சொல்லலையே."

"கரையில அத எவன் சொல்லுவான்? அதுல சிரிக்க என்ன இருக்கு?"

வெளியே பதுருன்னிஸா வீட்டுக் கோழி கூரையடியில் இறகை உதறிக்கொண்டிருந்தது.

"அப்பம் பைய எடுத்துரச் சொல்லுவோம்" என்றார் இனிகோ. "பாக்கதும் வேண்டாம், சீசாவும் வேண்டாம். எடுத்துட்டாத் தீந்துச்சு."

"பாக்காம எடுக்க மாட்டாவளாம். சும்மா தடிச்சதா இருந்தா எதுக்கு அறுக்கணும்? புத்தா இருந்தா இங்கன முடியாது, பட்டணத்துல ரேடியம் வச்சுப் பொறவு எடுக்கணுமாம். எதுன்னு தெரியாம கத்திய வைக்கக் கூடாதுங்காவ. எனக்கும் அதுதான் சரின்னு படுது."

"அதுல வேற ஏதாவது... வேற மாதிரி வந்துட்டா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சந்தேகம் உங்களுக்குத்தான? இந்தத் தடவ சீசாவ நீங்க கொண்டு போங்க. பட்டணத்துல காத்துக் கெடங்க. என்னன்னு அவங்க வாயாலயே கேட்டுட்டு வாங்க. மந்திரமூர்த்தி அண்ணாச்சி வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். நீங்க போகலன்னா நானே போறேன். இந்த ஒடம்போட ரயில்ல ஏறிப் போறேன்."

இனிகோ முற்றத்துக்குப் போய்க் கால் கழுவினார். வந்து, "சோறு இருக்கா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அல்போன்சாவை உள்ளே கொண்டுபோனதும் இசபெல்லா கதவருகில் தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். டாக்டரம்மா வெளியே வந்தபோது கையில் சீசா இருந்தது. நேராக இசபெல்லா முன்னால் வந்து நின்றார்.

"எழும்பு. ஜன்னல்கிட்ட வா. நீ எத்தன புள்ள பாத்திருப்ப?"

"கணக்கு இல்லம்மா."

"கலைஞ்சது?"

"அதுவும் நெறைய."

"அப்பம் நல்லாப் பாத்துச் சொல்லு. அடுப்பு வெளிச்சம் இல்ல, இது பகல் வெளிச்சம்."

இசபெல்லா சீசாவை வெயிலுக்கு எதிரே பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியில் அவள் விரல் படவில்லை. நெடுநேரம் பார்த்தாள்.

"பனிக்கொடப் பை இல்ல" என்றாள். "பூ மாதிரி பஞ்சு பஞ்சா நிக்குமே, அது இல்ல. கொடி இல்ல. எல்லாம் வெறும் சவ்வு. அன்னைக்கும் இதேதான் கெடந்துச்சு. இதேதாம்மா." அவள் சீசாவை இறக்கினாள். "எந் தம்பிக்கு ஒண்ணு வேணும்னு நெனச்சுட்டே பாத்துட்டேன்."

இனிகோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அதற்கு மேல் அவளைத் திட்டவில்லை. "மூடி கசியாமப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இசபெல்லா முந்தியில் முடிந்திருந்த ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்தாள். மாதா கோயிலில் எரிந்து மீந்தது. கம்பவுண்டரிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தி, மூடியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டு அடைத்தாள். இனிகோ அதன் மேல் கைக்குட்டையைச் சுற்றி, தோணியில் கயிறு கட்டுகிற மாதிரி கட்டினார். அன்றைக்கே ரயிலேறிவிட்டார்.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் குடம் வைத்துக் காத்திருக்கும்போது இசபெல்லா அங்கே போனாள். தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கேளுங்களா. அன்னைக்கு நான் பொதைச்சது புள்ள இல்ல. எங் கண்ணு கெட்டுப்போயி பொதைச்சேன். எந் தம்பி பெண்டாட்டிக்கு சீக்கு. இனிமே எவளாவது புள்ளன்னு சொன்னா, ஒங்க மகளுவளுக்குப் பேறு பாக்க இசபெல்லா வர மாட்டா."

ஒருத்தி, "அப்பிடி எவ சொன்னா?" என்றாள்.

"நீதாம்ளா சொன்ன" என்றாள் இசபெல்லா. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

இனிகோ பட்டணத்தில் காத்துக் கிடந்தார். எங்கே தூங்கினார், என்ன தின்றார் என்று யாரிடமும் சொன்னதில்லை. மார்கழி பிறந்து, மழை ஓய்ந்து, கருவாடு நன்றாகக் காய ஆரம்பித்த ஒரு மத்தியானம் வந்தார். அல்போன்சா பாயில் பாரையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதுருன்னிஸா எதிரே உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் மணலில் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணாடியில எனக்கும் காட்டுனாங்க" என்றார். "நானே கேட்டேன். ஊதாவும் ரோஸுமா, பாசி படிஞ்ச மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவங்களுக்கு வெளங்குது."

"என்ன சொன்னாங்க?"

"புள்ள இல்ல."

"அத நான் சொன்னேன். மத்தது?"

இனிகோ ஒரு பாரையை எடுத்துப் புரட்டி வைத்தார். ஏற்கெனவே புரட்டிய மீன் அது.

"புத்துதான் அல்போன்சா. ஆனா தொடக்கமாம். பைய விட்டு வெளிய போயிருக்காதுன்னு சொல்லுதாங்க. உடனே வந்தா ரேடியம் வச்சு, பொறவு எடுத்துருவாங்களாம். படுக்க இடம் சொல்லிட்டு வந்துட்டேன்."

பதுருன்னிஸா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அல்போன்சா கையில் இருந்த மீனைப் பாயில் வைத்தாள். கையை மணலில் தேய்த்தாள்.

"நாளைக்கு ரயில் எப்பம்?"

"காலையில பாசஞ்சர். மணியாச்சியில மாறணும்."

"லாத்தா, இந்தப் பாயி மூணு நாளு காயணும். அந்தக் கடைசிப் பாயி நேத்துதான் போட்டது. பாத்துக்கிடுவீங்களா?"

"பாத்துக்கிடுதேன். நீ போ" என்றாள் பதுருன்னிஸா முந்தானைக்குள்ளிருந்து.

"மைனி!" என்று அல்போன்சா வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நாளைக்குப் பட்டணம் போறோம். ஒரு சீல எடுத்து வையுங்க, நீங்களும் வாரீங்க. அங்கன என்னையப் பாத்துக்கிட ஆளு வேணும்."

மறுநாள் காலை பாசஞ்சரில் மூன்று பேரும் ஏறினார்கள். இசபெல்லா கட்டுச்சோறு வைத்திருந்தாள். மழை இல்லை. ஏழு மணிக்கு பதுருன்னிஸா பாய்களை வெயிலில் இழுத்துப் போட்டாள்.